வீட்டுக்கொரு மின்நிலையம்?
வெப்பமும் அளவும் பற்றிச் சில குறிப்புகள்

புகலிடத்தில் நடைபெறும் எமது விவாதங்களில் 'சிறியது', 'பரவலாக்கம்', 'தன்னிறைவு' ஆகிய சொற்களுக்கு எப்போதுமே ஒரு நல்ல பெயர் உண்டு. மையப்படுத்தப்பட்ட அரசொன்றின் கொடுமையை நேரே அனுபவித்தவர்கள் என்ற வகையில் இது விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் இச்சொற்கள் அரசியலில் இருந்து பொருளாதாரத்துக்கும், அங்கிருந்து தொழில்நுட்பத்துக்கும் எவ்விதச் சோதனையும் இன்றித் தாவிவிடுகின்றன. பெரிய மின்நிலையம் என்றால் அரசும் மூலதனமும். வீட்டுச் சமையலறையில் ஓடும் சிறு இயந்திரம் என்றால் மக்கள் கைக்கு வந்த சக்தி. இச்சமன்பாட்டை நாம் அதிகம் கேள்விக்குட்படுத்துவதில்லை.

இந்த எண்ணத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஷூமாக்கர். 'சிறியதே அழகு' என்ற பொருள்படும் தலைப்பில் 1973இல் அவருடைய நூல் வெளிவந்தது. ஜேர்மனியில் பிறந்து, நாசிகளின் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்து, யுத்தம் மூண்டதும் 'எதிரி நாட்டவர்' என்று தடுத்துவைக்கப்பட்டவர் அவர். அதே மனிதர் 1950 முதல் 1970 வரை பிரித்தானிய தேசிய நிலக்கரிச் சபையின் தலைமைப் பொருளாதார ஆலோசகராகவும் இருந்தார். மிகப் பெரியதொரு நிறுவனத்துக்குள் இருந்துகொண்டே 'எந்த வேலைக்கு எந்த அளவு பொருந்தும்' என்று கேட்டவர் அவர். அவருடைய நூலின் தலைப்பை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் அந்தக் கேள்வியைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கேள்வியை ஓர் இயந்திரத்தை முன்வைத்துக் கேட்டுப்பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு வீட்டுக்குத் தேவையான வெப்பத்தையும் மின்சாரத்தையும் ஒரே எரிபொருளில் இருந்து, வீட்டுக்குள்ளேயே உற்பத்தி செய்யும் சிறு இயந்திரம் அது. இதனை இணைந்த வெப்ப-மின் உற்பத்தி என்பார்கள். கடந்த அரை நூற்றாண்டில் இத்தாலி, ஜேர்மனி, நியூசிலாந்து, பிரித்தானியா, யப்பான் ஆகிய நாடுகளில் இது திரும்பத் திரும்ப அறிமுகப்படுத்தப்பட்டது. யப்பான் நீங்கலாக ஏனைய இடங்களில் எதிர்பார்த்த அளவுக்கு அது வேரூன்றவில்லை. ஏன்?

1. வெப்பம் எங்கே போகிறது?

எரிபொருளை எரித்து மின்சாரம் பெறும் எந்த நிலையமும் தான் எரித்ததில் ஒரு பகுதியையே மின்சாரமாக மாற்றுகிறது. பழைய நிலக்கரி நிலையமொன்றில் 100 அலகு சக்தியை எரித்தால் ஏறத்தாழ 35 அலகு மின்சாரம் கிடைக்கும். நவீன எரிவாயு நிலையத்தில் 50 அலகுக்கு மேல் கிடைக்கலாம். மிகுதி வெப்பமாக ஆற்றிலோ, கடலிலோ, குளிர்விப்புக் கோபுரத்தின் வழியே வானத்திலோ கலந்துவிடுகிறது. இதை நிர்வாகச் சீர்கேடு என்றோ இலாபவெறி என்றோ மட்டும் விளங்கிக்கொள்வது சரியல்ல. வெப்பம் உயர்ந்த வெப்பநிலையில் இருந்து தாழ்ந்த வெப்பநிலைக்கு இறங்கும்போதுதான் வேலை செய்கிறது; இறங்கிய வெப்பத்தின் ஒரு பகுதியைக் கீழே விட்டேயாக வேண்டும். பிரெஞ்சுப் பொறியியலாளர் சாடி கார்னோ 1824இல் காட்டிய எல்லை இது. எந்தச் சமூக அமைப்பிலும் இந்த எல்லை இருக்கும். கீழே விடப்படும் வெப்பத்தை என்ன செய்வது என்பதைத்தான் சமூகம் தீர்மானிக்கிறது.

மறுபுறத்தில் ஒரு வீட்டைப் பாருங்கள். எரிவாயு பொய்லருக்குள் 1000 பாகைக்கு மேற்பட்ட சுவாலை எரிகிறது. அதன் பயன் அறையை 20 பாகையில் வைத்திருப்பது. எரிவாயுவின் சக்தியில் 90 சதவீதம் வீட்டுக்குள் வந்துசேர்வதால் இதில் வீணே இல்லை என்று தோன்றும். ஆனால் அந்தப் பெரும் இறக்கத்தில் பெற்றிருக்கக்கூடிய வேலை முழுவதும் பெறப்படாமலே போகிறது. லக்சபானாவில் சுழலியைச் சுற்றிய நீர் அங்கேயே தீர்ந்துபோவதில்லை. களனி கங்கையோடு கீழே ஓடிக் கொழும்பின் குடிநீராகிறது. மேலே வேலை வாங்கிக்கொண்டு கீழே குடிக்கிறோம். வெப்பத்தையும் இப்படியே பயன்படுத்தினால் என்ன என்பதுதான் இணைந்த உற்பத்தியின் அடிப்படை. முதலில் மின்சாரம், அதன்பின் எஞ்சும் வெப்பத்தில் குளியலும் அறைச்சூடும்.

கருத்து என்ற அளவில் இதில் குறை சொல்ல எதுவுமில்லை. மின்சார வரலாற்றின் தொடக்கத்திலேயே இது இருந்தது. 1882இல் எடிசன் நியூயோர்க்கில் நிறுவிய பேர்ள் வீதி நிலையம் மின்சாரத்தோடு அயல் கட்டடங்களுக்கு நீராவியும் வழங்கியது. பின்னர் நிலையங்கள் பெருத்தன. நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஆறுகளுக்கும் அருகே நகர்ந்தன. மின்சாரத்தைக் கம்பியில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அனுப்பலாம், சுடுநீரை அவ்வாறு அனுப்ப முடியாது. எனவே மின்சாரம் ஊருக்குள் வந்தது, வெப்பம் ஆற்றோடு போனது.

2. வீட்டுக்குள் வந்த பொறிகள்

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இத்தாலியில் ஃபியற் நிறுவனம் 'ரோற்றெம்' என்ற இயந்திரத்தைச் செய்தது. ஃபியற் 127 காரின் எஞ்சினை எரிவாயுவில் ஓடவிட்டு 15 கிலோவாற் மின்சாரமும், எஞ்சினின் குளிர்நீரிலும் புகையிலும் இருந்து வீடுகளுக்கான சுடுநீரும் எடுத்தார்கள். காரில் ரேடியேற்றர் வெளிக்காற்றுக்குக் கொடுக்கும் அதே வெப்பந்தான் இங்கே வீட்டின் ஹீற்றருக்குப் போகிறது. ஆனால் 15 கிலோவாற் ஒரு தொடர்மாடிக்கு உரிய அளவு. ஒரு குடும்பத்துக்கு உரியதல்ல. 1990களின் நடுப்பகுதியில் ஜேர்மனியின் ஷ்வைன்பேர்ட் நகரில் இருந்து வந்த 'டாக்ஸ்' இயந்திரம் 5.5 கிலோவாற் மின்சாரமும் 12.5 கிலோவாற் வெப்பமும் தந்தது. பல்லாயிரக்கணக்கில் அது விற்கப்பட்டது. விடுதிகள், சிறு தொழிலகங்கள், பல குடும்பங்கள் வாழும் வீடுகள் ஆகியவையே அதற்குப் பெரிதும் பொருத்தமான இடங்களாக இருந்தன.

ஒற்றைக் குடும்பத்துக்கு என்று வந்தவை ஸ்ரேர்லிங் பொறிகள். ஸ்கொட்லாந்தின் மதகுரு றொபேட் ஸ்ரேர்லிங் 1816இல் காப்புரிமை பெற்ற பொறி இது. எரிபொருள் பொறிக்கு வெளியே எரிகிறது. உள்ளே அடைத்துவைக்கப்பட்ட வாயு சூடாகி விரிந்தும் குளிர்ந்து சுருங்கியும் பிஸ்ரனை அசைக்கிறது. வெடிப்பு இல்லாததால் சத்தம் குறைவு, பராமரிப்பும் குறைவு. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் கன்ரபரி பல்கலைக்கழக ஆய்வில் இருந்து பிறந்த 'விஸ்பர்ஜென்' இவ்வகையானது. பெயரே அது கிசுகிசுக்கும் பொறி என்கிறது. ஏறத்தாழ 1 கிலோவாற் மின்சாரம் தந்த இதன் 80,000 பொறிகளை வாங்குவதாகப் பிரித்தானியாவில் ஒரு பெரும் மின்கம்பனி 2004இல் ஒப்பந்தம் செய்தது. அந்த எண்ணிக்கையை அது நெருங்கவேயில்லை. 2012இல் விஸ்பர்ஜென்னின் தாய்நிறுவனம் மூடப்பட்டது.

மூன்றாவது வகை எரிபொருட்கலம். இதில் பொறியே இல்லை. எரிவாயுவில் இருந்து ஐதரசனைப் பிரித்து, அதனை ஒட்சிசனுடன் இரசாயன முறையில் சேரவிட்டு மின்சாரம் பெறுகிறார்கள். இங்கு கார்னோவின் எல்லை அதே விதத்தில் குறுக்கே நிற்பதில்லை. ஆகவே ஒரு வீட்டுப் பெட்டிக்குள் 40 சதவீதத்தை ஒட்டிய மின் வினைத்திறன் சாத்தியமாகிறது. யப்பானில் 2012இல் வந்த திண்ம ஒட்சைட்டு வகை 46.5 சதவீதத்தை எட்டியது. ஸ்ரேர்லிங் பொறியின் மின் வினைத்திறனோ பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

3. நூறு அலகின் கணக்கு

ஒரு ஸ்ரேர்லிங் இயந்திரம் 100 அலகு எரிவாயுவை எரித்து 10 அலகு மின்சாரமும் 80 அலகு வெப்பமும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதே பயனைத் தனித்தனியாகப் பெற எவ்வளவு எரிவாயு வேண்டும்? 80 அலகு வெப்பத்துக்கு, 90 சதவீத வினைத்திறன் கொண்ட சாதாரண பொய்லரில், 89 அலகு. 10 அலகு மின்சாரத்துக்கு, 50 சதவீத எரிவாயு நிலையமும் கம்பிகளில் சிறிது இழப்பும் என்றால், ஏறத்தாழ 21 அலகு. மொத்தம் 110. ஆகவே சேமிப்பு 10 அலகு. நிலையம் பழைய நிலக்கரி நிலையமாக இருந்தால் சேமிப்பு இன்னும் கூடும்.

விளம்பரத் தாள்களில் வந்த கணக்கு இதுவே. அதில் பொய் இல்லை. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது. இயந்திரம் தொடங்கினால் நிற்காமல் பல மணித்தியாலங்கள் ஓட வேண்டும் என்பதே அது. பொறி சூடேறும் வரை எரிவாயு எரிகிறது, மின்சாரம் வராது. பம்பியும் கட்டுப்பாட்டுக் கருவியும் எப்போதும் சிறிது மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். காலையில் அரை மணித்தியாலம், மாலையில் அரை மணித்தியாலம் என்று விட்டுவிட்டு ஓடினால் அந்த 10 அலகுச் சேமிப்பு மிக விரைவில் கரைந்துவிடும்.

பிரித்தானியாவில் கார்பன் ட்ரஸ்ற் என்ற அமைப்பு இவ்வியந்திரங்களை மக்கள் வாழும் வீடுகளிலேயே பல ஆண்டுகள் அளந்து 2011இல் முடிவான அறிக்கையை வெளியிட்டது. வீடுகளில் கரியமில வாயுச் சேமிப்பு சராசரியாக 5 சதவீதம். சிறு வணிகக் கட்டடங்களில் 15 முதல் 20 சதவீதம். ஆண்டுக்கு 20,000 கிலோவாற் மணித்தியாலத்துக்கு மேல் வெப்பம் தேவைப்படும் வீடுகளுக்கே ஸ்ரேர்லிங் இயந்திரம் ஏற்றது என்றும் அது கண்டது. இதன் பொருளைச் சற்று யோசித்துப்பாருங்கள். 20,000 அலகு வெப்பம் தேவைப்படுவது பெரிய வீட்டுக்கு அல்லது குளிர்காற்று நுழையும் பழைய வீட்டுக்கு. சுவருக்குக் காப்பிட்டு, யன்னலைத் திருத்தினால் வெப்பத் தேவை குறையும்; தேவை குறைந்தால் இயந்திரம் பொருந்தாமல் போகும். மக்களின் சேமிப்போடு போட்டிபோடும் ஒரு சேமிப்பு இயந்திரம் இது.

நான் வேலை செய்வது மருத்துவமனைத் துணிகளைச் சலவை செய்யும் ஓர் ஆலையில். அங்கே கட்டடத்தின் பின்புறம் எரிவாயு எஞ்சின் ஒன்று மின்சாரமும் சுடுநீரும் தந்துகொண்டிருக்கிறது. கிருமி நீங்குவதற்கு மருத்துவமனைத் துணி 71 பாகையில் குறைந்தது 3 நிமிடம் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. இரண்டு ஷிப்ற், வாரத்தில் ஏழு நாள். கோடையிலும் மாரியிலும் அதே அளவு சுடுநீர். எஞ்சின் நிற்பதற்கு நேரமே கிடைப்பதில்லை. முன்பு விரிவுரைகளில் கரும்பலகையில் நான் வரைந்த வெப்பச் சக்கரப் படம் எதற்கும் இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைத்திராது. அதே எஞ்சினை அதே தெருவில் உள்ள ஒரு வீட்டில் வைத்தால் ஆவணி மாதத்தில் அதற்கு வேலையே இராது. எஞ்சினின் தரம் இரு இடத்திலும் ஒன்றுதான். அது விடும் வெப்பம் ஓரிடத்தில் பயன், மற்றோரிடத்தில் கழிவு.

'கழிவு வெப்பம்' என்று நாம் சொல்வது வெப்பத்தின் இயல்பு அல்ல என்பதே இதில் இருந்து பெறப்படுவது. இயந்திரத்துக்கும் தேவைக்கும் இடையிலான உறவு அது.

4. யப்பானின் குளியல் தொட்டி

யப்பானில் 2009இல் 'எனே-ஃபார்ம்' என்ற பெயரில் வீட்டு எரிபொருட்கலங்கள் விற்பனைக்கு வந்தன. அரச மானியத்துடனும் எரிவாயுக் கம்பனிகளின் விற்பனை வலிமையுடனும் அவை 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய்விட்டன. உலகில் வேறெங்கும் இதற்கு ஒப்பான எண்ணிக்கை இல்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. 2011இன் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் மின்சாரம் பற்றி எழுந்த அச்சம் அவற்றில் ஒன்று. ஆனால் அடிப்படையான காரணம் குளியல் தொட்டி என்றே நான் கருதுகிறேன். யப்பானியக் குடும்பங்களில் மாலையில் ஆழமான தொட்டி நிறையச் சுடுநீர் நிரப்பி ஒருவர் பின் ஒருவராக அமிழ்ந்து குளிப்பது ஆண்டு முழுவதும் உள்ள வழக்கம். கலம் பகல் முழுவதும் மெல்ல ஓடி 700 வாற் அளவில் மின்சாரம் தந்தபடி ஒரு தாங்கியைச் சூடாக்கி வைக்கிறது. மாலையில் அது தொட்டிக்குப் போகிறது. மின் வினைத்திறன் உயர்ந்ததாகையால் வெப்பம் குறைவாகவே வருகிறது. அந்தக் குறைந்த வெப்பத்துக்கு நிச்சயமான ஒரு வேலை இருக்கிறது.

எனினும் அங்கும் கதை நேர்கோட்டில் செல்லவில்லை. 2030க்குள் 53 இலட்சம் வீடுகள் என்று யப்பானிய அரசு 2014இன் திட்டத்தில் இலக்கு வைத்தது. விற்பனை வேகம் அதற்கு வெகு தொலைவில் இருந்தது. தொஷிபா 2017இல் இவ்வுற்பத்தியை விட்டு விலகியது. ஹொண்டாவின் எஞ்சினைக் கொண்டு 2003இல் தொடங்கிய 'எக்கோவில்' இயந்திரத்தின் விற்பனையும் 2017இல் முடிந்தது. ஜேர்மனியில் வொல்க்ஸ்வாகன் எஞ்சின்களை நிலவறைகளில் வைத்து ஒரு இலட்சம் 'வீட்டு மின்நிலையங்கள்' அமைப்போம் என்று 2009இல் அறிவிக்கப்பட்ட திட்டம், அதில் மிகச் சிறு பங்கையே நிறுவியபின் 2014இல் கைவிடப்பட்டது.

5. ஒப்பிடும் கல் நகர்ந்துவிட்டது

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. இணைந்த உற்பத்தியின் நன்மை எப்போதும் ஒப்பீட்டு நன்மையே. எதற்குப் பதிலாக அது வருகிறது என்பதைப் பொறுத்தே சேமிப்பு. 2000களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 500 கிராம் கரியமில வாயு வெளியேறியது. 2024இல் அது சுமார் 125 கிராம். அவ்வாண்டு செப்டெம்பர் 30இல் நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. எரிவாயுவை எரித்தால் வரும் அளவோ மாறவில்லை. ஓர் அலகுக்கு சுமார் 183 கிராம்.

மேற்சொன்ன நூறு அலகுக் கணக்கை மீண்டும் போடுவோம். ஸ்ரேர்லிங் இயந்திரம் 18.3 கிலோ வாயுவை விடுகிறது. பொய்லரும் பழைய மின்வலையமைப்பும் சேர்ந்து 21 கிலோவுக்குச் சற்று மேல் விட்டன. பொய்லரும் இன்றைய வலையமைப்பும் சேர்ந்து விடுவது 17.6 கிலோ மட்டுமே. இயந்திரம் மாறவில்லை. அதன் நன்மை நட்டமாகிவிட்டது.

இக்கணக்குக்கு நியாயமான ஒரு மறுப்பு உண்டு. சராசரியைப் பார்ப்பது சரியல்ல. காற்று வீசாத மாரி மாலையில் மேலதிகமாக ஓர் அலகு மின்சாரம் வேண்டும்போது எரிவது எரிவாயு நிலையமே. வீட்டு இயந்திரமும் அதே குளிர் மாலையில்தான் ஓடுகிறது. ஆகவே அது எரிவாயு நிலையத்தையே பதிலீடு செய்கிறது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. எரிபொருட்கலத்தைப் பொறுத்தவரை இவ்வாதம் மேலும் வலுவானது. ஆனால் எரிவாயுவை எரிப்பது என்று முடிவானபின், அதே 100 அலகை நல்லதொரு நிலையத்தில் எரித்து, இழப்புப் போக 46 அலகு மின்சாரத்தை வீட்டுக்கு அனுப்பி, அங்கே ஒரு வெப்பப் பம்பியை இயக்கினால் என்ன கிடைக்கும்? வெப்பப் பம்பி வெப்பத்தைப் படைப்பதில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பி வைத்ததுபோல, வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை இழுத்து உள்ளே தள்ளுகிறது. ஓர் அலகு மின்சாரத்துக்கு 2.8 அலகு வெப்பம் என்று அடக்கமாகவே எடுத்தாலும் 46 அலகு ஏறத்தாழ 130 அலகு வெப்பமாகும். ஸ்ரேர்லிங் இயந்திரத்தின் 80 அலகு வெப்பத்தோடு, அதன் 10 அலகு மின்சாரத்தை அயல்வீட்டு வெப்பப் பம்பிக்குக் கொடுத்துக் கிடைப்பதையும் கூட்டினாலும் 108ஐத் தாண்டாது.

ஆகவே பெரிய நிலையமும் நீண்ட கம்பியும் இங்கே சிறிய இயந்திரத்தை வென்றுவிடுகின்றன.

6. யாருடைய பரவலாக்கம்?

வீட்டு மின்நிலையம் விடுதலை தருகிறது என்ற வாதத்தை இப்போது பார்க்கலாம். ஒரு வீட்டின் மின் தேவை பெரும்பாலான நேரம் 200, 300 வாற். கேத்தலைப் போட்டால் சில நிமிடங்களுக்கு 3,000 வாற். 1 கிலோவாற் இயந்திரம் ஒரு நேரம் மிகையாகத் தருகிறது, மறுநேரம் போதாமல் போகிறது. மிகையை எடுத்துக்கொள்வதும் குறையைத் தருவதும் பொது வலையமைப்பே. அது நின்றால், கம்பியில் வேலை செய்வோரின் பாதுகாப்புக் கருதி, வழமையான வீட்டு இயந்திரமும் தானாக நின்றுவிடும். ஆகவே இங்கு தன்னிறைவு என்பது பெரும்பாலும் ஒரு மனத்தோற்றமே.

பிரித்தானியாவில் 2010 ஏப்ரலில் தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் இவ்வியந்திரங்கள் உற்பத்தி செய்யும் ஒவ்வோர் அலகுக்கும் 10 பென்ஸ் வழங்கப்பட்டது. 30,000 இயந்திரங்கள் வரை ஆதரவளிக்க இடமிருந்தும் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை. 2019 மார்ச்சுடன் திட்டம் புதியவர்களுக்கு மூடப்பட்டது. இப்பணம் வந்தது எல்லோருடைய மின்கட்டணத்தில் இருந்தும். போனது சொந்த வீடும், இயந்திரம் வைக்க இடமும், முதலீடு செய்யப் பணமும் உள்ளவர்களுக்கு. வாடகை அறையில் முன்பணம் போட்டு மின்சாரம் எரிக்கும் அகதிக் குடும்பமும் தன் கட்டணத்தில் அதற்குப் பங்களித்தது. பரவலாக்கப்பட்டது சொத்துடைமைதானா, அதிகாரமா என்று நாம் கேட்டாக வேண்டும்.

எமக்கு இதில் ஓர் அனுபவமும் உண்டு. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமல் போனது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயே பொன்னானது. சைக்கிளைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டோம். போத்தல் விளக்கில் படித்தோம். எரிபொருள் கிடைத்தவர்கள் சிறு மின்பிறப்பாக்கி வைத்திருந்தார்கள். மக்களின் கண்டுபிடிப்புத் திறனுக்கு அது சாட்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டுக்கு வீடு தனித்தனி ஏற்பாடு என்ற அந்த நிலையை எவரும் பரவலாக்கம் என்று கொண்டாடவில்லை. பொதுவாக இருந்த ஒன்று அறுக்கப்பட்டதன் விளைவே அது.

7. தெருவின் அளவு

பெரியதே சரி என்று நான் வாதிடவில்லை. பெரிய நிலையம் வெப்பத்தை ஆற்றில் விடுகிறது என்ற குற்றச்சாட்டு அப்படியே நிற்கிறது. வீட்டின் அளவு பொருந்தாது, நாட்டின் அளவும் பொருந்தாது என்றால் வெப்பத்துக்குப் பொருந்தும் அளவு எது?

இலண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் பற்றர்சீ மின்நிலையம் இருந்தது. அதன் வெப்பத்தை 1950இல் இருந்து ஆற்றின் அடியால் குழாய் வைத்து வடகரைக்குக் கொண்டுபோனார்கள். பிம்லிக்கோவில் மாநகரசபை கட்டிய சேர்ச்சில் கார்டன்ஸ் குடியிருப்பின் ஏறத்தாழ 1,600 வீடுகள் அதில் சூடாகின. நடுவே ஒரு கண்ணாடிக் கோபுரத்துக்குள் பெரிய சுடுநீர்த் தாங்கி இருந்தது. அது நிலையத்தின் நேரத்தையும் மக்களின் நேரத்தையும் சமன்செய்தது. ஒரு வீட்டில் தொழிலாளி இரவு வேலை முடிந்து காலையில் குளிப்பார், இன்னொன்றில் பிள்ளைகள் மாலையில். தனி வீட்டின் தேவை மேடும் பள்ளமுமானது. ஆயிரத்தறுநூறு வீடுகளின் தேவை சேர்ந்தால் அது நான் வேலை செய்யும் சலவை ஆலையின் தேவையை ஒத்துவிடுகிறது. 1983இல் பற்றர்சீ நிலையம் மூடப்பட்டது. குழாய்கள் மூடப்படவில்லை, வேறு வெப்ப மூலத்தை இணைத்துக்கொண்டு இன்றும் பிம்லிக்கோவைச் சூடாக்குகின்றன.

டென்மார்க் இதனை நாடளாவச் செய்தது. 1973இல் அந்நாட்டின் சக்தித் தேவையில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி எண்ணெயில் தங்கியிருந்தது. 1979இன் வெப்ப வழங்கல் சட்டம் எந்தப் பகுதிக்கு எவ்வழியில் வெப்பம் என்று திட்டமிடும் பொறுப்பை உள்ளூராட்சி சபைகளிடம் கொடுத்தது. இன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் மாவட்ட வெப்பக் குழாய்களோடு இணைந்துள்ளன. பல குழாயமைப்புகள் நகரசபையின் அல்லது நுகர்வோர் கூட்டுறவின் உடைமை. வெப்பத்தை விற்று இலாபம் எடுப்பதற்கு இடமில்லை. 1990களில் சிற்றூர்களில் எரிவாயு எஞ்சின்கள் மின்சாரமும் வெப்பமும் தந்தன. காற்றாலைகள் பெருகியபின் அந்த எஞ்சின்கள் ஓடும் மணித்தியாலம் குறைந்தது. அதே குழாய்களில் இப்போது பெரிய வெப்பப் பம்பிகள் இணைக்கப்படுகின்றன. ஒப்பிடும் கல் நகர்ந்தபோது வீட்டு இயந்திரத்தின் சொந்தக்காரர் நட்டப்பட்டார். குழாயின் சொந்தக்காரர்களுக்கு மூலத்தை மாற்றுவது மட்டுமே வேலையாக இருந்தது.

தெருவின் அளவு என்றாலே நீதி வந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. ஒரு குடியிருப்பின் குழாய் ஒரே கம்பனியிடம் இருந்தால் குடியிருப்பவருக்கு வேறு வழங்குநரைத் தேடும் வாய்ப்பும் கிடையாது. 2022இல் எரிவாயு விலை எகிறியபோது, பிரித்தானியாவில் இத்தகைய குழாய்களை நம்பியிருந்த மாடிவீட்டுக்காரர்களுக்கு ஏனைய வீட்டாருக்கு இருந்த விலை உச்சவரம்பின் பாதுகாப்பு இருக்கவில்லை. 2023இன் சக்திச் சட்டம்தான் இவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை ஒஃப்ஜெம் அமைப்பிடம் கொடுத்தது. டென்மார்க்கில் குழாயோடு கூடவே கூட்டுறவும் சட்டமும் நிலத்தில் இறங்கின. இங்கு பல இடங்களில் குழாய் மட்டும் இறங்கியது.

வீட்டு வெப்ப-மின் இயந்திரம் பொருந்தும் இடங்கள் இனியும் இருக்கும்: விடுதி, முதியோர் இல்லம், நீச்சல் குளம், சலவை ஆலை, சுடுநீர்த் தொட்டியில் தினமும் குளிக்கும் குடும்பம். ஆனால் அதனை ஒரு சமூக இலட்சியமாகத் தூக்கிப்பிடிப்பதற்கு அதன் வரலாறு இடம்தரவில்லை. மின்சாரம் தூரத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே அதற்குப் பெரிய வலையமைப்பு பொருந்துகிறது. வெப்பம் தூரத்தைப் பொறுக்காது, நேரந்தவறியும் பயன்படாது. அதற்கு அயலவர்கள் வேண்டும். வீட்டுக்கும் அரசுக்கும் இடையில் அயல் என்ற ஓர் அளவு உண்டு. எமது தன்னாட்சி பற்றிய பேச்சுகளில் இந்த இடைப்பட்ட அளவு பற்றி நாம் மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம். நீர், கழிவு, போக்குவரத்து, பள்ளிக்கூடம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உரிய அளவு எது, அந்த அளவில் முடிவெடுப்பவர் யார் என்ற கேள்விகளை, அவ்வத் துறை அறிந்த நண்பர்கள் இப்பக்கங்களில் எண்களுடன் எழுத முன்வர வேண்டும். எனது கணக்கில் மாறுபடுவோர் எந்த வரியில் மாறுபடுகிறார்கள் என்று சுட்டி எழுதினால் விவாதம் முன்னகரும்.